ஒரு சுவர், இரண்டு வீடு, முந்நூறு ஜாக்கி

விசில் ஊதியதும் இருபது ஆட்களும் ஒரே நேரத்தில் ஜாக்கிக் கம்பியைக் கால் சுற்று திருப்பினார்கள். எங்கேயோ ‘டொக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். என் வீடு பூமியை விட்டுவிட்டது!

ஒரு நூல் உயரம்கூட இருக்காது. ஆனால் சுவருக்கும் தரைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. பின்பக்கத்து வெயில் அந்தக் கோட்டின் வழியாக முன்பக்கம் வந்து விழுந்தது. தெருவே ‘ஓ’வென்று கத்தியது. எதிர் வீட்டு மொட்டை மாடியில் செல்போனோடு நின்றவர்கள், மாப்பிள்ளை தாலி கட்டிவிட்ட மாதிரி கைதட்டினார்கள்.

என் கணவர் கதிரேசன் முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை உருவிக்கொண்டு ஓடினார். குனிந்து பார்த்தார். "மூணு மில்லிமீட்டர், செல்வி! மூணு மில்லிமீட்டர்!" என்று என்னைப் பார்த்துக் கூவினார். எங்கள் மகள் பிறந்த அன்றுகூட அவர் அப்படிக் கூவவில்லை.

நான் தெருக்கோடி வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயமா, சந்தோஷமா என்று கேட்டால் எனக்கே தெரியாது. சித்திரைப் பொருட்காட்சி ராட்டினத்தில் உச்சிக்குப் போகும்போது ஒன்று வருமே, அது.

பக்கத்து வீட்டு மெஹருன்னிசா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "யா அல்லா! ஏறிருச்சுக்கா! ரெண்டும் ஏறிருச்சு!"

ஆமாம், இரண்டும். ஊர் உலகத்தில் வீட்டைத் தூக்குகிறவர்கள் ஒரு வீட்டைத் தூக்குவார்கள். நாங்கள் ஒரே விசிலுக்கு இரண்டு வீட்டைத் தூக்கினோம். வேறு வழியே இல்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர்.

மிச்சம் பிடித்த செங்கல்

மேலூர் ரோட்டில், ஒரு கண்மாய்க்குக் கீழ்ப்பக்கம் பிளாட் போட்டார்கள். ஆளுக்கு மூன்று சென்ட். பத்திர ஆபீசில் வரிசையில் நிற்கும்போதுதான் சிக்கந்தரும் மெஹருன்னிசாவும் எங்களுக்குப் பழக்கம். பத்திரம் கைக்கு வருவதற்குள் இரண்டு ஆண்களும் மாப்ள, மாமா என்று கூப்பிடும் அளவுக்கு வந்துவிட்டார்கள்.

இரண்டு பேருக்கும் கையில் காசு கிடையாது. எனவே இந்த யோசனை. நடுவில் ஆளுக்கொரு சுவர் எதற்கு? ஒன்றே கட்டினால் ஒரு லோடு செங்கல் மிச்சம்!

கொத்தனார் தலையைச் சொறிந்தார். "சார், நாளப்பின்ன ஒருத்தர் இடிச்சுக் கட்டணும்னா இன்னொருத்தர் வீடும் ஆடிப்போயிரும்" என்றார். "யாருய்யா இடிக்கப் போறா?" என்று நான்கு பேரும் சிரித்தோம். அப்போது எல்லோருக்கும் முப்பது, முப்பத்தைந்து வயது. இடிப்பது, விழுவது எல்லாம் மற்றவர்களுக்கு நடப்பவை.

அந்தச் சுவரோடு இருபத்தைந்து வருடம் குடித்தனம் செய்தோம். நான் காலண்டருக்கு ஆணி அடித்தால் அவள் பக்கம் பூச்சு உதிரும். அவள் குக்கர் விசிலை எண்ணியே அன்றைக்குக் கறியா, பருப்பா என்று சொல்லிவிடுவேன். இவருக்கும் எனக்கும் சண்டை வந்தால், மறுநாள் காலை "சார் மேல தப்பில்லக்கா" என்று அவள் தீர்ப்பு வந்துவிடும்.

சிக்கந்தருக்கு டவுனில் பூட்டுக்கடை. ஐந்து லீவர், ஏழு லீவர், இரும்புப் பெட்டி, எல்லாம் உண்டு. அவர் வீட்டு வாசலில் மட்டும் ஒரு குழந்தை இழுத்தால் வந்துவிடுகிற பூட்டு தொங்கும். கேட்டால், "பயத்த விக்கிறவன் நான்க்கா. விக்கிறவன் வாங்கலாமா?" என்பார்.

ஒன்றும் நடக்காதவர்கள் வருவதில்லை

நானும் பயத்தோடு பிழைத்தவள்தான். ஆனால் சிக்கந்தருக்கு நேர் எதிர். இன்சூரன்ஸ் ஆபீசில் கிளெய்ம் செக்‌ஷனில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தேன்.

ஆயுள் காப்பீடு இல்லை. மற்றதெல்லாம். அரிசி ஆலையில் பாய்லர் வெடித்தது. திருவாதவூர்ப் பக்கம் கோழிப்பண்ணையில் இடி விழுந்தது. நிறுத்தி வைத்திருந்த புதுக் காரின் மேல் தென்னை மரம் சாய்ந்தது. கல்யாண மண்டபத்தில் ஒரு வாணம், பட்டுக்கடைக்காரர் வீட்டுச் சீர்வரிசையில் போய் உட்கார்ந்தது. எல்லாம் என் மேஜைக்கு வரும், போட்டோவோடு.

பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஒன்றும் நடக்காதவர்கள் எங்கள் செக்‌ஷன் பக்கம் வருவதே இல்லை. இடி விழாத கோழிப்பண்ணைக்காரர் எதற்குப் படியேறி வருகிறார்? அதனால் உலகத்தில் எல்லோருக்கும் எல்லாமும் நடக்கிறது என்று நான் நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

அதன்படிதான் குடும்பம் நடத்தினேன். டெபாசிட் நான்கு பேங்கில். எங்கள் பொட்டு வீட்டுக்கு இரண்டு தீயணைப்பான். தென்னங்கன்று வைக்கக் கூடாது. கார் வாங்கலாம் என்று இவர் ஆசையாக வாயைத் திறந்தால், அந்த வாரம் வந்த விபத்து போட்டோ ஒன்றை ஞாபகமாகச் சொல்லுவேன். மனிதர் வாயை மூடிக்கொள்வார். இன்றுவரை பஸ்தான்.

இவ்வளவு உஷாரான நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். வீட்டுக்குப் பாலிசி எடுக்கும்போது, புயலும் வெள்ளமும் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தால் பிரீமியத்தில் கொஞ்சம் தள்ளுபடி. கொஞ்சம் என்றால், இரண்டு பேர் நல்ல ஓட்டலில் டிபன் சாப்பிடலாம். நான் எழுதிக்கொடுத்தேன். மதுரையில் வெள்ளமா? வைகையில் தண்ணீர் வந்தால் பாலத்தில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்கிற ஊர் இது. தண்ணீரைப் பார்த்துப் பயப்பட இங்கே யாருக்கும் பழக்கமில்லை. இருபத்தாறு வருடத்தில் என் மேஜைக்கு ஒரு வெள்ள ஃபைல்கூட வந்ததில்லை. வராததை நான் நம்பவில்லை.

மூன்று மணி நேரம்

ஒரு சாயங்காலம் மழை பிடித்தது. மூன்று மணி நேரம்தான் பெய்திருக்கும். கண்மாய் நிரம்பி, மிச்சத் தண்ணீர் தான் வழக்கமாகப் போன வழியைத் தேடிப் போயிருக்கிறது. அந்த வழியில் எங்கள் நகர் இருந்தது.

வாசல் வழியாக வரும் என்று படியில் மணல் மூட்டை அடுக்கினோம். அது கக்கூஸ் வழியாக வந்தது. ஒருநாளும் மறக்க மாட்டேன். வாளி தானாக மிதந்து ஹாலுக்கு வந்து, ஊரிலிருந்து வந்த விருந்தாளி மாதிரி சோபாப் பக்கத்தில் நின்றது. முழங்கால் வரை தண்ணீர். பீரோவின் அடித்தட்டில் என் கல்யாணப் புடவை. பிரிட்ஜ், மோட்டார், மெத்தை, மகளின் பள்ளிக்கூடப் போட்டோக்கள் எல்லாம் போச்சு. நான்கு பேரும் மொட்டை மாடியில் ஒரே தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் தண்ணீர் வடிந்ததும் பாலிசியைத் தேடி எடுத்துக் காயப்போட்டேன். படிக்க வேண்டிய அவசியமில்லை. ‘வெள்ளம் நீங்கலாக.’ என் கையெழுத்துதான்.

"முப்பது வருஷத்துல ஒரு நாள், செல்வி" என்று இவர் கணக்குச் சொன்னார். "நாளைக்கு வர்றதுக்கு வாய்ப்பு எம்புட்டுன்னு நெனைக்கிற? பத்தாயிரத்துல ஒண்ணு."

"அந்த ஒண்ணு போன வாரம் என் அடுப்படிக்கு வந்துச்சுல்ல?" என்றேன்.

அதற்குப் பிறகு நான் நானாக இல்லை. வானத்தில் இரண்டு மேகம் சேர்ந்தால் டிவியைத் தூக்கிப் பரண்மேல் வைக்கச் சொல்லுவேன். இவரும் வைப்பார். வெயில் அடித்ததும் இறக்குவார். ஒரே மாதத்தில் மனிதருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. கோயம்புத்தூரிலிருந்து மகள், "வித்துட்டு இங்க வந்துருங்கம்மா, ஆறாவது மாடியில பிளாட் இருக்கு" என்றாள். ஆறாவது மாடி என்றதும் லிப்ட் அறுந்த ஃபைல் ஒன்று ஞாபகம் வந்தது. இருந்தாலும் சரி என்றேன். வெள்ளத்துக்கு லிப்ட் தேவலை.

டேப்போடு வந்தவர்

காளவாசலில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர் ஒருவர் வந்தார். எங்கள் நகரில் யார் யார் பயந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வெள்ளத்துக்கு முன்னால் இருந்த விலையில் பாதிக்கும் கீழே கேட்டார். "வீட்டுக்கு ஒண்ணும் இல்லம்மா, மனைக்குத்தான் குடுக்குறேன்" என்றார். டேப்பை எடுத்து வாசல், சந்து, அந்தப் பொதுச் சுவர் எல்லாம் அளந்தார். குடோன் கட்டப்போகிறாராம். மெஹருன்னிசா அவள் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபத்தைந்து வருட உழைப்பைப் பாதி விலைக்குக் கொடுக்க நான் தயார். இவருக்குத்தான் பொறுக்கவில்லை. எங்கேயோ வீடியோ பார்த்துவிட்டு வந்து, "வீட்டத் தூக்கிருவோம்!" என்றார். வெயிலில் சுற்றிவிட்டு வந்திருக்கிறார், மோர் கொடுக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

உண்மையிலேயே தூக்குகிறார்கள். வடக்கேயிருந்து ஒரு கூட்டம் ஊர் ஊராக இதே வேலையாகச் சுற்றுகிறது. சுவரை அடியில் அறுத்து, இரும்புச் சட்டம் கொடுத்து, வரிசையாக ஜாக்கி வைத்து, நாலு அடி ஏற்றிவிட்டு அடியில் செங்கல் கட்டிவிடுகிறார்கள். எங்கள் ரிட்டையர்மென்ட் பணம் அதற்குக் காணும். அந்தக் கூட்டத்து மேஸ்திரி சுரேஷ் வந்து பார்த்தார். தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போலச் சுவரைத் தட்டினார். பொதுச் சுவருக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"அம்மா, இது ரெண்டு வீடு இல்லே. ஒரே வீடு. பாதி தூக்கினா மீதி உடையும்."

இவர் முகம் விழுந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று டைல்ஸ் கடைக்காரர் கெடு வைத்திருந்தார். சிக்கந்தர் சேர்ந்து தூக்கச் சம்மதித்தால் வீடு தங்கும். இல்லையென்றால் விற்பனைதான். நாலு அடி உயரத்தில் என் வீட்டிலேயே பயமில்லாமல் தூங்கலாம் என்று தெரிந்தபிறகு எனக்கும் விற்க மனமில்லை.

நான் செய்த வேலை

சிக்கந்தர் முதல் நாளே கையை விரித்தார். "தண்ணி வந்துச்சு, போயிருச்சு. இனி என் காலத்துல வராதுக்கா. எதுக்கு இம்புட்டுச் செலவு?"

இன்னொரு காரணமும் இருந்தது. அவர்கள் கையில் இருந்தது உம்ராவுக்குச் சேர்த்த பணம். இரண்டு பேரும் மக்கா போய்வர வேண்டும் என்று பல வருடமாகச் சேர்த்தது. பாஸ்போர்ட் எடுத்தாயிற்று. மெஹருன்னிசா கொண்டுபோக வேண்டிய பெட்டிகூட வாங்கி வைத்திருந்தாள். தண்ணீர் வந்த அன்று அவள் முதலில் மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது அதைத்தான்.

எனக்கு அதெல்லாம் நன்றாகத் தெரியும். தெரிந்தும் செய்தேன். தினமும் சாயங்காலம் நாலரை மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போய் உட்காருவேன். என் கிளெய்ம் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவேன். சுவர் ஊறினால் அஸ்திவாரம் எப்படி உள்வாங்கும், ஸ்விட்ச் போர்டில் தண்ணீர் ஏறினால் என்ன ஆகும் என்று கை காலை ஆட்டிச் சொல்லுவேன். சில இடங்களில் கொஞ்சம் கூடுதலாகவும் சொன்னேன். மெஹருன்னிசா வாயைப் பொத்திக்கொண்டு கேட்பாள். சிக்கந்தர் டீயை ஆற்றிக்கொண்டே இருப்பார்.

வியாழக்கிழமை இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். "தூக்கிருவோம்க்கா" என்றார் சிக்கந்தர்.

"அப்ப உம்ரா?" என்று இவர் கேட்டார்.

"அது நம்ம கையிலயா இருக்கு, மாப்ள? கூப்பிடுறப்ப போவோம்."

நான் துள்ளிக் குதித்தேன். அந்த நிமிடமே டைல்ஸ் கடைக்காரருக்குப் போன் போட்டு விற்பதில்லை என்று சொன்னேன். ஜெயித்துவிட்ட சந்தோஷம். மறுநாள் காலை அவர்கள் வாசலைத் தாண்டும்போது, ஜன்னல் வழியாக அந்தப் பெட்டி தெரிந்தது. மெஹருன்னிசா அதில் போர்வை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஜாக்கி வேலை முடியும்வரை டவுனில் தம்பி வீட்டில் இருக்கப் போகிறார்கள் அல்லவா, அதற்கு. வீட்டுக்கு வந்து வாயில் வைத்த காபி கசந்தது. பத்தாயிரத்தில் ஒன்றைக் காட்டிப் பயமுறுத்தி, அவள் மக்காவுக்குச் சேர்த்த பணத்தை ஜாக்கிக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

சுவருக்கு அடியில்

திரும்ப ஜாக்கிக்கு வருகிறேன். முதல் நாள் அரை அடி. இரண்டாம் நாள் ஒரு அடி. காலையில் டீக்கடைக்குப் போகிறவர்கள் எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். "என்னண்ணே, இன்னைக்கு எம்புட்டு?" என்பார்கள். இவர் ஸ்கேலோடு நின்று பதில் சொல்லுவார். கிரிக்கெட் ஸ்கோர் கெட்டது போங்கள்!

என் பழைய ஆபீஸுக்குப் போன் செய்து, தூக்குகிற பத்து நாளுக்கு மட்டும் ஒரு பாலிசி கிடைக்குமா என்று கேட்டேன். எனக்குப் பின்னால் வந்த பிள்ளை, "மேடம், வீடு அந்தரத்துல நிக்கிறப்ப அட்ரஸ் எதுன்னு போடுறது?" என்று கேட்டு, போனை வைத்தபிறகும் சிரித்திருப்பான். முப்பது வருடத்துக்கு ஒருமுறை வரும் முழங்கால் தண்ணீருக்குப் பயந்தவள், முந்நூறு ஜாக்கியின் மேல் வீட்டை நிறுத்திவிட்டு டீக்கடையில் வடை தின்றுகொண்டிருந்தேன். பத்து வயது குறைந்துவிட்டது எனக்கு!

இதில் ஒன்று எனக்கு முன்கூட்டித் தெரியாது. வீட்டைத் தூக்கும்போது தரை மேலே வராது. சுவர்களும் கூரையும்தான் ஏறும். தரை அங்கேயே கிடக்கும், பிறகு மண் நிரப்பிப் புதுத்தளம் போட்டுக்கொள்ள வேண்டும். நாலாம் நாள் மத்தியானம் சுவர் இரண்டரை அடி ஏறி நின்றது. ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். இனி சாயங்காலம்தான் அடுத்த விசில், உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று சுரேஷ் சொல்லியிருந்தார். ஆனால் சுவர்ப் பக்கம் போகக் கூடாது என்று மூன்று முறை சொன்னார்.

என் ஹாலுக்குள் போனேன். கூரை எங்கேயோ உயரத்தில் இருந்தது. என் பழைய மொசைக் தரை, அதே டீக்கறையோடு. சுற்றிலும் சுவருக்கு அடியில் இரண்டரை அடி வெளிச்சம். பொதுச் சுவரின் பக்கம் திரும்பினேன். ஜாக்கி வரிசைக்கு அந்தப் பக்கம் இரண்டு கால்கள் தெரிந்தன. பச்சை ரப்பர் செருப்பு.

"மெஹரு?"

கால்கள் மடங்கின. தரையில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, முகத்தைக் காட்டினாள். "அக்கா! உங்க வீடு தெரியுதுக்கா!"

நானும் உட்கார்ந்தேன். இருபத்தைந்து வருடமாகச் சுவரைத் தட்டித் தட்டிப் பேசியவர்கள், அன்றைக்குத்தான் அந்தச் சுவருக்கு அடியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்து ஓய்ந்ததும் அங்கேயே சொல்லிவிட்டேன்.

"நான்தான் உங்களப் பயமுறுத்துனேன், மெஹரு. அம்புட்டுக் கதையும் வேணும்னுதான் சொன்னேன். உங்க உம்ராப் பணம்..."

அவள் கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தாள். "எந்தக் கதை? அந்தப் பாய்லர், ஸ்விட்ச் போர்டு, அதா? ஐயோ அக்கா, அதுல பாதிய நாங்க நம்பவே இல்ல! நீங்க போனதும் அவுக அப்படியே நடிச்சுக் காட்டுவாக. விழுந்து விழுந்து சிரிப்போம்."

எனக்குச் சுருக்கென்றது. "அப்பறம் எதுக்குடி சரின்னீக?"

"அன்னைக்கு ஒருத்தர் டேப்ப வச்சு வாசல அளந்தாருல்ல. சொவர அளந்தாரு. குடோன் கட்டப்போறேன்னாரு. அன்னைக்கு ராத்திரி அவுக சோறு திங்கல. எனக்கும் கை கால் ஓடல. மொதல்ல உம்ராவ விட மனசு வரல, கெடு நெருங்க நெருங்க அந்த டேப்புதேன் கண்ணு முன்னாடி நின்னுச்சு. உங்களுக்காகத்தேன்னு சொன்னா கூச்சப்பட்டுக்கிட்டு வேணாம்னுருவீகன்னு அவுகதேன் சொல்லக் கூடாதுன்னாக." ஜாக்கிக் கம்பி ஒன்றின் மேல் படிந்திருந்த தூசியைத் துப்பட்டாவால் துடைத்தாள். "தண்ணி வந்தா மாடிக்கு ஏறிக்கலாம்க்கா. நீங்க போயிட்டா நான் எங்க ஏறுவேன்?"

இரண்டு ஜாக்கிக்கு நடுவில், இரண்டு வீட்டுச் சுவருக்கு அடியில், கையை நீட்டினேன்.

"அக்கா, கைய எடுங்க! மேல அம்புட்டுச் சொவரும் நிக்கிது!" என்று கத்திக்கொண்டே, அவளும் கையை நீட்டினாள்.